வாசிக்க மறுக்கும் பிள்ளைகளுக்கு எந்த நூலைக் கொடுப்பது?

(நமது ஜமாஅத்தின் கல்விக் குழு ஏற்பாடு செய்த பெற்றோர் கூட்டத்தில், பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது குறித்துப் பேசுமாறு கல்விக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். அது கடல் போன்ற தலைப்பு. ஆகவே அதனுள் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளை, பாடநூலைத் தவிர வேறெந்த நூலையும் தொட மறுக்கிறான். அவன் கையில் முதன்முதலாக எந்தக் கதை நூலைக் கொடுப்பது? இது ஒன்றே இன்று நான் பேசப்போகும் செய்தி.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நின்றவன் நான். அங்கே நான் செய்த நன்மைகளைச் சொல்லத் தொடங்கினால் தற்பெருமையாகிவிடும். எனவே நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் படித்தான். அவனுடைய அத்தா உக்கடம் பகுதியில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். வகுப்பு நூலகத்திலிருந்து ஆளுக்கொரு நூல் கொடுத்தபோது, அவனுக்கு நான் கனத்த சரித்திர நாவல் ஒன்றைக் கொடுத்தேன். அந்த வயதில் நான் விரும்பிப் படித்த நூல் அது. எனக்குப் பிடித்தது அவனுக்கும் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு வாரம் கழித்து அவனை எழுப்பிக் கதையைச் சொல்லச் சொன்னேன். தலைகுனிந்து நின்றான். முதல் பக்கத்தையாவது வாசி என்றேன். நீண்ட சொற்றொடர்களும் பழகாத சொற்களும் நிறைந்த பக்கம் அது. எழுத்துக்கூட்டித் தடுமாறினான். வகுப்பு சிரித்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "கதைப் புத்தகம்கூடப் படிக்கத் தெரியாதவனா நீ?" என்று கேட்டுவிட்டேன்.

அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆண்டுகள் பல கடந்தன. ஒரு நாள் வீட்டில் சேர்ந்த பழைய நாளிதழ்களைப் போடச் சென்றபோது, தராசின் பின்னால் அவனே நின்றிருந்தான். அடையாளம் கண்டுகொண்டு அமர நாற்காலி போட்டான். பேச்சுவாக்கில், "எங்க கடைக்குக் கட்டுக் கட்டா காமிக்ஸ் வரும்ங்கய்யா. எடைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் படிச்சுருவேன். கன்னித்தீவு வர்ற பேப்பரைத் தனியா எடுத்து வெச்சுருவேன்" என்றான்.

அன்பர்களே! அவன் வாசிக்காதவன் அல்லன். என் வகுப்பிலேயே அதிகம் வாசித்தவன் ஒருவேளை அவனாகவே இருந்திருக்கலாம். அவன் என்ன வாசிக்கிறான் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நான் கொடுத்த நூல் நல்ல நூல்தான். ஆனால் அது அவனுடைய நூல் அன்று.

ஏன் இது சிறிய செய்தி அன்று?

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை வாசிப்பதற்குக் கற்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து, வாசித்துத்தான் மற்ற அனைத்தையும் கற்க வேண்டியிருக்கிறது. அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக வருகின்றன. கணக்குக்கூட நான்கு வரியில் சொல்லப்படுகிறது. அந்த நான்கு வரி விளங்காதவனுக்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்து பயனில்லை.

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் தேர்ச்சியின்றி நிறுத்தப்படுவதில்லை. அது நல்ல ஏற்பாடு. பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கிறது. எனினும் வாசிப்பில் உள்ள குறை அதுவரை வெளியே தெரியாமல் மறைந்திருக்கவும் அது இடமளிக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலும்தான் குறை வெளிப்படுகிறது. அப்போது என்ன நடக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். பையன் பட்டறைக்கோ செல்போன் கடைக்கோ போகிறான். பெண்பிள்ளையாயின், படித்தது போதும் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

சரளமாக வாசிக்கும் ஆற்றல் நிறைய வாசிப்பதால் மட்டுமே வரும். மிதிவண்டி ஓட்டுவது போல அது பழக்கத்தால் வருவது. பாடநூலை மட்டும் வைத்து அந்த அளவு பழக்கம் கிடைக்காது. ஏனெனில் எந்தப் பிள்ளையும் பாடநூலை ஆசைப்பட்டுத் தொடர்ந்து வாசிப்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில் பக்கத்தைப் புரட்ட வைப்பது கதைதான். ஆகவே பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கும் கதை நூல், உண்மையில் பிள்ளையின் மற்றெல்லாப் பாடங்களுக்கும் அடித்தளமாக அமைகிறது.

மறுப்பவர்கள் மூவகையினர்

நூலைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையை அறிய வேண்டும். வாசிக்க மறுப்பவர்களில் மூவகையினரை நான் கண்டிருக்கிறேன்.

முதல் வகையினர் சரளமாக வாசிக்க இயலாதவர்கள். சொல் சொல்லாகத் தடுக்கி விழுவதால் கதை அவர்கள் மனத்தில் ஓடுவதேயில்லை. "எனக்குப் பிடிக்கலை" என்று அவர்கள் சொல்வதன் பொருள் "எனக்கு முடியவில்லை" என்பதாகும். தம் இயலாமையை ஒப்புக்கொள்வதைவிட விருப்பமில்லை என்று சொல்வது அவர்களுக்கு மானத்தைக் காக்கிறது.

இரண்டாம் வகையினர் நன்றாக வாசிக்கத் தெரிந்தும் சுவை காணாதவர்கள். மதிப்பெண் வாங்குவார்கள். ஆனால் வாசிப்பு என்றாலே தேர்வு என்று பழகிப்போயிருப்பார்கள்.

மூன்றாம் வகையினர் நம் ஊருக்கே உரியவர்கள். வீட்டில் உருது பேசுவார்கள். சிலர் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளம் பேசுவார்கள். பள்ளியில் ஆங்கில வழியில் படிப்பார்கள். தமிழைப் பேசுவார்கள், வாசிக்கத் தயங்குவார்கள். ஆங்கிலம் வாசிப்பார்கள், அதில் கதையை ரசிக்கும் அளவுக்குப் பழக்கமிராது. இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கும் இப்பிள்ளைகளுக்கு, உரையாடல் மிகுந்த, பேசும் தமிழுக்கு நெருங்கிய நடையிலுள்ள நூல்களே ஏற்றவை.

மூவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். நூலகராவதற்கு முன் நம் கோவையிலும் கணிதம் கற்பித்தவர். அவர் 1931ஆம் ஆண்டு வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் ஒன்று, எந்த வாசகரையும் அவருக்குரிய நூலின்றித் திருப்பி அனுப்பலாகாது என்ற கருத்துடையது. பிள்ளைக்குப் பிடிக்கவில்லையா? அவனுக்குரிய நூலை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே அதற்குப் பொருள்.

தேர்வுக்கு ஐந்து அளவுகோல்கள்

இனி நூலைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருகிறேன். என் அனுபவத்தில் நம்பத்தக்கவையாக நின்ற அளவுகோல்கள் ஐந்து.

ஒன்று, தொடக்கம். முதல் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் ஏதேனும் நிகழ வேண்டும். ஊரையும் மலையையும் பத்துப் பக்கம் வருணித்துவிட்டுக் கதைக்கு வரும் நூல், பழகிய வாசகருக்கு விருந்து. தயங்கும் பிள்ளைக்குச் சுமை.

இரண்டு, அளவு. அறுபது முதல் நூறு பக்கங்கள், பெரிய எழுத்து, நான்கைந்து பக்கத்தில் முடியும் அத்தியாயங்கள், இடையிடையே படங்கள். ஒரு நூலை முழுவதும் முடித்தேன் என்ற பெருமையைப் பிள்ளை முதலில் சுவைக்க வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. திரைப்படம் வந்தபோது பல வீடுகளில் அதை வாங்கினார்கள். அவற்றுள் எத்தனை வீடுகளில் முதல் பாகம் முடிந்தது? அந்நூலின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீச்சல் பழகாத பிள்ளையை நேரே வாலாங்குளத்தில் இறக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மூன்று, சொல். பிள்ளையை ஏதேனும் ஒரு பக்கத்தைத் தனக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் விளங்காத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்நூல் இப்போதைக்கு வேண்டாம். ஓரிரு விரல் மடங்கினால் அதுவே தக்க நூல்.

நான்கு, கதையின் நாயகர். தன் வயதை ஒத்த, அல்லது தன்னைவிட ஓரிரு வயது மூத்த சிறுவர் சிறுமியைப் பற்றி வாசிக்கவே பிள்ளைகள் விரும்புகிறார்கள். ஏழாம் வகுப்பு மாணவனிடம் ஐந்து வயதுக் குழந்தையின் கதையைக் கொடுத்தால் அவன் அவமானமாகக் கருதுவான்.

ஐந்து, கண்ணாடியும் சன்னலும். ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், பிள்ளைகளுக்குரிய நூல்களைக் கண்ணாடிக்கும் சன்னலுக்கும் ஒப்பிட்டார். சில நூல்களில் பிள்ளை தன் வீட்டையும் தன் பெயரையும் காண்கிறான். சில நூல்களில் பிறர் வாழ்வைக் காண்கிறான். இரண்டும் தேவை. தன்னைப் போன்ற ஒருவரை ஒரு நூலிலும் காணாத பிள்ளை, நூல்கள் யாரோ பிறருக்காக எழுதப்பட்டவை என்று முடிவு கட்டிவிடுகிறான்.

அளவுகோல்களில் 'நீதி' இடம்பெறவில்லையே என்று சிலர் கேட்கலாம். நல்ல கதை எதுவும் நெஞ்சைக் கெடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கதையின் இறுதியிலும் பாடம் ஒன்றைத் தொங்கவிட்டால், பிள்ளை அதனைப் பாடநூலின் கிளையாகவே காண்பான்.

சில நூல்கள்

தமிழில் பிள்ளைகளுக்கு நூல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நம் தலைமுறைக்கு அம்புலிமாமாவும் கோகுலமும் பூந்தளிரும் இருந்தன. வாண்டுமாமாவின் சாகசக் கதைகளுக்காகக் காத்திருந்தோம். அவ்விதழ்கள் இன்று இல்லை என்பது உண்மையே. ஆயினும் நூல்கள் நிறைய வருகின்றன. சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மொழிக்கும் சிறார் இலக்கியத்திற்கெனத் தனி விருது வழங்குகிறது. தமிழில் அவ்விருது பெற்ற நூல்களின் பட்டியலே பெற்றோருக்கு நல்ல வழிகாட்டி.

முதல் வகைப் பிள்ளைக்கு, அதாவது தடுக்கி வாசிப்பவனுக்கு, படக்கதைகளைத் தயங்காமல் கொடுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகனைக் கண்டு, பட்டறை வீட்டுப் பிள்ளைகள் பலர் எழுத்துக்கூட்டுவதை மறந்து வாசித்திருக்கிறார்கள். படம் கதையைத் தாங்கிக்கொள்கிறது. பிள்ளை சொற்களை மட்டும் தாங்கினால் போதும். 1960 முதல் தினத்தந்தியில் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவும் இவ்வகையே. ஆயிரத்தொரு இரவுகளில் பிறந்த சிந்துபாத்தைக் கொண்டு நம் தேநீர்க் கடைகளில் எத்தனை பேர் தமிழ் வாசிக்கப் பழகினார்கள்!

அடுத்த படி சிறு நாவல்கள். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023ஆம் ஆண்டு விருது பெற்றது. கீழடி அகழாய்வைப் பின்னணியாகக் கொண்ட அந்நூல், வரலாற்றுப் பாடத்தில் கொட்டாவி விடும் பிள்ளையையும் ஈராயிரம் ஆண்டு பின்னோக்கி அழைத்துச் செல்கிறது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025ஆம் ஆண்டு விருது பெற்றது. இவரே எழுதிய 'கயிறு' மிகச் சிறிய நூல். கையில் கட்டும் கயிற்றைக் கொண்டு சாதி வேறுபாட்டைப் பேசுவது. ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டு விருது பெற்றது. பிள்ளைகளைத் தகாத முறையில் தொடுவோரிடமிருந்து காத்துக்கொள்ளும் துணிவை ஒரு மரப்பாச்சிப் பொம்மையின் வாயிலாக அது கற்பிக்கிறது. பெண்மக்களின் தாய்மார்கள் முதலில் தாம் வாசித்து, பிறகு மகளோடு பேசி, அதன்பின் கொடுக்க வேண்டிய நூல்.

கண்ணாடி என்று சொன்னேன் அல்லவா? இரா. நடராசனின் 'ஆயிஷா' என்ற குறுநாவலை அறியாத ஆசிரியர் தமிழகத்தில் அரிது. அறிவியல் வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கும் ஒரு சிறுமியின் கதை அது. நம் வீட்டுப் பெண்ணின் பெயரைத் தாங்கிய சிறுமி, அறிவுத் தேட்டத்தின் அடையாளமாகவே தமிழில் நின்றுவிட்டாள். முடிவு துயரமானது, ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு பெற்றோரும் உடன் வாசிப்பது நலம்.

துயரத்துக்குப் பின் சிரிப்பும் வேண்டும். வைக்கம் முகம்மது பஷீர் மலையாளத்தில் 1959இல் வெளியிட்ட 'பாத்துமாவின் ஆடு' குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. கூட்டுக் குடும்பம், சண்டை, பசி, பாசம் அனைத்தும் நிறைந்த ஒரு முஸ்லிம் வீட்டில், தங்கையின் ஆடு கண்டதையெல்லாம் தின்கிறது. அண்ணன் எழுதி அச்சான நூல்களையே தின்றுவிடுகிறது! புத்தகம் பிடிக்காத பிள்ளையிடம், "புத்தகத்தை ஆடு தின்ற கதை ஒன்று இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். கையை நீட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நூலாகையால், ஆட்டின் பகுதிகளை நீங்களே உரக்க வாசித்துத் தொடங்கலாம்.

சன்னல் நூல்களில் ஜப்பானின் 'டோட்டோ-சான்' முதலிடம் பெறும். பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமியைப் புதிய பள்ளியின் தலைமையாசிரியர் அருகில் அமர்த்தி, முதல் நாளே நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்கிறார். ரயில் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள். கிர்கிஸ் நாட்டு எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' மற்றொன்று. படிக்க வழியற்ற மலைக் கிராமத்தில் ஒரு சிறுமியின் கல்விக்காகப் போராடும் ஒருவரின் கதை. நன்கு பழகிவிட்ட பிள்ளைக்கு வங்கத்தின் 'பதேர் பாஞ்சாலி'யைக் கொடுக்கலாம். அதைத் தமிழாக்கியவர் நம் கொங்கு மண்ணின் நாவலாசிரியர் ஆர். சண்முகசுந்தரம் என்பது நமக்குப் பெருமை.

இந்த ஏணி முறை என் கற்பனை அன்று. பள்ளிக் கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்தது. வகுப்பைப் பார்த்து நூல் கொடுக்காமல், பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எட்டாம் வகுப்பில் இருப்பவனும் 'நுழை' படியில் நிற்கலாம். அதில் வெட்கமில்லை; அங்கேயே விட்டுவிடுவதுதான் வெட்கம்.

கதை வீண் வேலையா?

கற்பனைக் கதை வாசிப்பது காலவிரயம் என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தியைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். தமிழ் நாவல் பிறந்த காலத்திலேயே அதனைக் கையிலெடுத்தவர்களில் ஒருவர் இலங்கையின் அறிஞர் சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவர், கல்விக்காக வாழ்ந்தவர். அவர் 1885ஆம் ஆண்டு 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்திய மண்ணில் வளரும் அசன் என்ற சிறுவனின் சாகசக் கதை அது. சமுதாயத்தின் கல்விக்குப் பாடுபட்ட ஒருவர், சாகசக் கதை எழுதுவதை வீண் வேலையாகக் கருதவில்லை.

எனினும் எல்லா நூலும் எல்லா வயதுக்கும் ஏற்றதன்று என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தீர்வு நூலைத் தடுப்பதன்று. முன்கூட்டியே வாசித்துப் பார்ப்பது. நூறு பக்க நூலை நீங்கள் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

எப்படிக் கொடுப்பது?

தக்க நூலைத் தேர்ந்தெடுத்த பின்னும் கொடுக்கும் முறையில் கெடுத்துவிட முடியும். நான் கெடுத்ததைத் தொடக்கத்திலேயே சொன்னேன்.

முதலாவதாக, ஒரு நூலைத் திணிக்காதீர்கள். நான்கைந்தை மேசைமீது வைத்து, எடுக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டாவதாக, பாதியில் நிறுத்தும் உரிமையையும் கொடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிச் செல்வதும் முடிக்காமல் விடுவதும் அவற்றுள் அடங்கும். நாம் பெரியவர்கள் பிடிக்காத நூலை மூடி வைப்பதில்லையா? பிள்ளைக்கு மட்டும் ஏன் தண்டனை?

மூன்றாவதாக, முடித்தவுடன் கதைச்சுருக்கம் கேட்காதீர்கள். "எந்த இடத்தில் உனக்குச் சிரிப்பு வந்தது?" என்று கேளுங்கள், அல்லது ஒன்றுமே கேட்காதீர்கள். நான்காவதாக, முதல் அத்தியாயத்தை நீங்களே இரவில் பத்து நிமிடம் உரக்க வாசித்து, கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, நூலைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். வாசிக்கத் தெரியாத தாய்மார்கள் மூத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவர் ஒருவர் இருந்தாலே வாசிப்பவருக்கு ஊக்கம் பிறக்கும். ஐந்தாவதாக, அந்தப் பத்து நிமிடமாவது நம் கையிலும் செல்போன் இருக்க வேண்டாம்.

நூல் வாங்க வசதியில்லை என்ற குறைக்கும் வழி உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் மாநிலத்தில்தான் இயற்றப்பட்டது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். ஆர்.எஸ். புரம் கௌலி பிரவுன் சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் நம் பணத்தில் நடப்பவை. பணம் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் திரும்பும் வணிகர் நம்மில் எவரேனும் உண்டா? புத்தகத் திருவிழாக்களும் இருக்கின்றன. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்துகிறது. நம் ஊரிலும் கொடிசியா வளாகத்தில் நடைபெறுகிறது. பிள்ளையின் கையில் நூறு ரூபாயைக் கொடுத்து, அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் நம் ஜமாஅத் மாணவர்களுக்குப் பரிசு வழங்குகிறது. அதிக மதிப்பெண் பெற்றவருக்கு அகராதியும் பொது அறிவு நூலும் கிடைக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் அந்த மேடைக்கு ஏறாத பிள்ளைக்குத்தான் நூல் அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், மதிப்பெண் பாராமல், ஆளுக்கொரு கதை நூல். அதனை அவர்களே மேசையிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாவது, மதரஸா கூடத்தில் ஐம்பது நூல்கள் கொண்ட ஓர் அலமாரி. அதன் சாவி பிள்ளைகளிடமே இருக்கட்டும். நூல் கிழிந்தாலும் தொலைந்தாலும் அபராதம் வேண்டாம். பூட்டிய அலமாரியில் புதிதாக இருக்கும் நூலைவிட, கைபட்டுக் கிழிந்த நூலே தன் கடமையைச் செய்த நூல். மூன்றாவது, பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வந்து எடுக்க வாரத்தில் ஒரு மாலைப் பொழுது.

நிறைவாக ஒரு செய்தி

பழைய பேப்பர் கடையில் சந்தித்த அந்த மாணவரைப் பற்றி மேலும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இப்போது அவரை 'அவன்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று விடைபெறும்போது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேனுங்கய்யா" என்றார். மறக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சில நாள்கள் கழித்து, ஏழாம் வகுப்பில் படிக்கும் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "இவளும் புத்தகத்தைத் தொடமாட்டேங்கறா. நீங்க ஒண்ணு பார்த்துக் குடுங்கய்யா" என்றார். நான் எழுந்து, அவளுக்கு ஏற்றது என்று நினைத்த ஒரு நூலை எடுத்துக் கொடுக்கப் போனேன். பழக்கம் விடவில்லை பாருங்கள்! உடனே கையை இழுத்துக்கொண்டு, ஏழெட்டு நூல்களைத் தரையில் பரப்பி வைத்தேன். அந்தப் பெண் நெடுநேரம் அட்டைகளைப் பார்த்தாள். நான் மனத்தில் தேர்ந்தெடுத்திருந்த நூலைத் திறந்து, இரண்டு பக்கம் பார்த்து, ஓரமாக வைத்துவிட்டாள். பிறகு வேறொன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய அத்தா, "ஐயா சொல்றதை எடும்மா" என்றார். "வேண்டாம், அவள் எடுத்ததே இருக்கட்டும்" என்றேன். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்திருந்த அந்தப் பெண் நூலைத் திறந்து வைத்திருந்தாள்.

அந்த ஒரு பிள்ளையைப் போல நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவருக்குரிய நூலும் எங்கோ ஓர் அலமாரியில் காத்திருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைப்பது நம் கடமை.